உப்புத் தொட்டிக்கு ஒரு மூடி

மேனேஜர் என் சோளமாவுத் தட்டில் வந்து விழுந்த காலையில்தான், தொட்டிக்கு மூடி போடுவதா வேண்டாமா என்ற பேச்சு எங்கள் வீட்டில் முதல்முதலாக எழுந்தது.

மேனேஜர் என்பது ஒரு மீன். விரல் நீளம்தான் இருக்கும். முன்பாதி வெள்ளை, வால் பக்கம் நெருப்பு நிறம். நாள் முழுக்கத் தொட்டியின் நடுவில் ஒரே இடத்தில் நின்றுகொண்டு, மற்றதெல்லாம் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டிருக்கும். யாராவது கேள்வி கேட்கிற தோரணையில் கிட்டே வந்தால் சட்டென்று பொந்துக்குள் போய்விடும். நானும் ஒரு காலத்தில் அலுவலகத்தில் குப்பை கொட்டியவள். பெயர் வைக்க ரொம்ப யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

தட்டில் விழுந்து துள்ளிய துள்ளலில் அதன் உடம்பு முழுக்க மாவு அப்பிக்கொண்டது. எண்ணெயில் போட வேண்டியதுதான் பாக்கி. நான் போட்ட சத்தத்தில் தம்பி குளியலறையிலிருந்து சோப்பு நுரையோடு ஓடி வந்து, ஈரக் கையால் அதை அள்ளித் தண்ணீரில் விட்டான். மாவு கரைந்து போனது. மேனேஜர் ஒன்றுமே நடக்காத மாதிரி தன் இடத்தில் போய் நின்றுகொண்டது.

"பொழச்சுக்குமாடா?"

"பொழச்சுக்கும்க்கா."

"என் மாவு பொழைக்காது."

அவன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். நுரை சொட்டிக்கொண்டிருந்தது. திட்டலாம் என்று வாயெடுத்தவள், சிரித்துவிட்டேன். அவன் சிரிக்கவில்லை. "இன்னிக்கே ஏதாவது பண்ணிடறேன்" என்று மட்டும் சொன்னான்.

நான் சர்க்கரைப் பூ செய்கிறவள். கல்யாணக் கேக்கின் மேல் அடுக்கடுக்காக ரோஜா இருக்குமே, அது நிஜப் பூ என்று நினைத்து முகர்ந்து பார்க்கிறவர்கள் உண்டு, அந்த ரகம். சர்க்கரை மாவைக் காகிதம் மாதிரி தேய்த்து, இதழ் இதழாக வெட்டி, ஓரத்தை விரலால் நீவிச் சுருக்கம் கொடுத்து, மெல்லிய கம்பியில் ஒட்டிக் காயப் போட வேண்டும். காய்வதுதான் பாதி வேலை. கேக்கை வெட்டித் தின்கிறவர்கள் பூவை மட்டும் கண்ணாடி அலமாரியில் எடுத்து வைத்துக்கொள்வார்கள் என்று கேக் கடைக்காரம்மா சொல்வாள். அதைக் கேட்கிறபோதெல்லாம் எனக்கு உச்சி குளிர்ந்துவிடும்.

தம்பி லிஃப்ட் மெக்கானிக். நகரத்தில் பாதிப் பேரை மேலே ஏற்றி விடுகிறவன். தனக்கென்று ஒன்றைக் கேட்க மட்டும் அவனுக்கு வாய் வராது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். இரண்டு மிட்டாயை நீட்டி எது வேண்டும் என்று கேட்டால், "நீ எடுத்துட்டு மிச்சத்தைக் குடு" என்பான். எல்லாரும் அதைத் தங்கமான குணம் என்றார்கள். எனக்கு அப்போதே எரிச்சலாக இருக்கும். நான் எதை எடுத்தாலும் பிடுங்கிக்கொண்டது மாதிரி ஆகிவிடும்.

அவனும் அவன் மனைவியும் பிரிந்துபோன பிறகு, அவள் எனக்கு ஒருமுறை போன் செய்தாள். அழவில்லை. களைத்துப் போன குரலில் பேசினாள்.

"அண்ணி, இத்தனை வருஷத்துல இவருக்கு என்ன வேணும்னு எனக்குத் தெரியவே இல்ல. எங்க போகலாம்னு கேட்டா 'உன் இஷ்டம்'. குழந்தை வேணுமா வேண்டாமான்னு கேட்டா 'உன் இஷ்டம்'. கடைசியில, நாம பிரிஞ்சிடலாமான்னு கேட்டேன். அதுக்கும் அதேதான் சொன்னாரு. நான் யார்கூடத்தான் சண்டை போடறது, சுவரோடயா?"

நாத்தனார் என்ற முறையில் நாலு வார்த்தை சூடாகக் கேட்க வேண்டும் என்றுதான் போனை எடுத்தேன். ஆனால் அவள் சொன்னதில் ஒரு எழுத்து பொய் கிடையாது.

வீட்டிலிருந்து என்னென்ன எடுத்துக்கொள்கிறீர்கள் என்று அவள் கேட்டதற்கு, "தொட்டி" என்றானாம். வேறு எதையும் கேட்கவில்லை. இருக்க இடம் கிடைக்கிற வரைக்கும் என்று சொல்லிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தான். பெட்டி பின்னால் வந்தது, தொட்டி முன்னால் வந்தது. அவன் கூட வேலை செய்கிற நாலு பேர் தூக்க முடியாமல் தூக்கி வந்து வைத்தார்கள். கல், பவளம், மீன், இறால், உப்புத் தண்ணீர் எல்லாம் தனித்தனி வாளியில் வந்தன.

என் வீட்டில் இருப்பது ஒரு முன்னறை, ஒரு படுக்கையறை, ஒரு சமையலறை. முன்னறையில் சன்னலோரம் என் நீள மேஜை. அதன் தலைமாட்டில்தான் அந்த எடையைத் தாங்குகிற தரை என்று அவன் தட்டித் தட்டிப் பார்த்துச் சொன்னான். அங்கேயே வைத்தோம். பக்கத்தில் சோபா, அதில் அவன். ஒரு பக்கம் சர்க்கரை, ஒரு பக்கம் உப்பு, நடுவில் ஒரு ஆள் பக்கவாட்டில் நுழைந்து போகிற இடைவெளி.

முதலில் நான் முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் இருந்தேன், மறைப்பானேன். ஆனால் பத்து நாளில் எனக்கு அந்தத் தொட்டி பிடித்துப்போனது. இதழ் தேய்த்து அலுத்துப்போய் நிமிர்ந்தால், பவளங்கள் தங்கள் சின்னச் சின்னக் கைகளை நீட்டி நீரோட்டத்தில் ஆட்டிக்கொண்டிருக்கும். கல் என்று நான் நினைத்திருந்ததெல்லாம் உயிராம். சாயங்காலம் அவன் வேலையிலிருந்து வந்ததும் முகம்கூடக் கழுவாமல் அதன் முன்னால் போய்க் குந்துவான். என்னிடம் நாலு வார்த்தை பேசாதவன் இறாலிடம் பேசுவான். என் வீட்டுக்காரர் போன பிறகு அந்த வீட்டில் இரண்டாவது தட்டு எடுத்துப் போடுகிற வேலையே இல்லாமல் இருந்தது. இப்போது தினமும் இருந்தது. அவனுக்கு வேறு இடம் கிடைக்காமலே போகட்டும் என்று நான் மனதுக்குள் வேண்டிக்கொள்ள ஆரம்பித்திருந்தேன்.

மேனேஜர் குதித்ததற்குக் காரணம் சுலபமானது. பழைய வீட்டில் தொட்டியின் மேல் வலைச்சட்டம் ஒன்று இருந்ததாம். தூக்கி வரும்போது கிழிந்துவிட்டது. அந்த ஜாதி மீன் எதற்காவது மிரண்டால் மேல்நோக்கிப் பாயும் என்றான். புது வலை வாங்கிக் கட்டிவிட்டால் விஷயம் முடிந்திருக்கும்.

ஆனால் அன்று மத்தியானம் என் ரோஜாக்கள் தலையைத் தொங்கப் போட்டன.

முந்தின நாள் செய்து தெர்மாகோலில் குத்தி வைத்தவை. தொட்டால் மொடமொடவென்று இருக்க வேண்டிய இதழ், ஈரத் துணி மாதிரி விரலில் ஒட்டியது. மாவில் கோளாறு என்று நினைத்து எல்லாவற்றையும் குப்பையில் கொட்டிவிட்டுப் புது மாவு பிசைந்தேன். அதுவும் அப்படியே ஆனது. சர்க்கரை விற்ற கடைக்காரனை நான் திட்டிய திட்டு அவனுக்குப் புரைக்கேறியிருக்க வேண்டும்.

சாயங்காலம் தம்பி வந்தான். குப்பைத் தொட்டியைப் பார்த்தான், ரோஜாவைப் பார்த்தான், சன்னல் கண்ணாடியில் கோடு கோடாக வழிந்துகொண்டிருந்த ஈரத்தைப் பார்த்தான். அவன் முகம் சுருங்கிப் போனது.

"அக்கா, அது மாவு இல்ல. தொட்டிதான்."

"தொட்டி என்னடா பண்ணும்?"

"தினமும் அரை வாளித் தண்ணி ஆவியாப் போகும். நான் ராத்திரி ஊத்தி நிரப்பறேன்ல, அது அதுக்குத்தான்."

"போறது எங்க போகும்?"

"இந்த ரூமுக்குள்ளதான். மழைன்னு ரெண்டு நாளா சன்னலை வேற சாத்தி வெச்சிருக்கோமே."

அப்படியானால் என் ரோஜா அவன் கடலைக் குடித்துக்கொண்டிருக்கிறது. இரண்டுக்கும் ஏழாம் பொருத்தம் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"உப்புத் தண்ணிதானே போகுது? அப்ப என் பூ கரிக்குமே?"

"உப்பு போகாதுக்கா. தண்ணி மட்டும்தான் போகும். உப்பு உள்ளயே தங்கிடும். அதனாலதான் நல்ல தண்ணியா ஊத்தணும். அதுவும் வடிகட்டின தண்ணி."

இவ்வளவு நீளமாக அவன் பேசியதே அதிசயம். மறுநாளே கண்ணாடிக் கடைக்குப் போய், அளவெடுத்து வெட்டிய கனமான கண்ணாடியைக் கொண்டு வந்து தொட்டியின் மேல் கச்சிதமாகப் பொருத்திவிட்டான். மீனும் குதிக்காது, ஈரமும் வராது. ஒரே கல்லில் இரண்டு வேலையும் முடிந்தது என்று எனக்கு மகா திருப்தி. ரோஜாக்கள் மொடமொடவென்று காய்ந்தன.

அந்தத் திருப்தி ஒரு வாரம்கூட நிற்கவில்லை.

முதலில் கவனித்தது மேனேஜரைத்தான். நடுவில் நிற்க வேண்டியது, கண்ணாடிக்குக் கீழே தண்ணீரின் மேல்மட்டத்தில் வாயைப் பிளந்து பிளந்து மூடிக்கொண்டிருந்தது. அப்புறம் பவளங்கள். மத்தியானத்தில் கை நீட்டி ஆடுகிறவை, கையை உள்ளே இழுத்துக்கொண்டு வெறும் கல்லாக உட்கார்ந்திருந்தன. ஊதா நிறப் பவளம் ஒன்று, அவன் கட்டைவிரல் அளவில் வாங்கி இப்போது தட்டளவுக்கு வளர்த்திருப்பது, ஒரு ஓரத்தில் வெளுக்க ஆரம்பித்திருந்தது. கண்ணாடியைத் தொட்டுப் பார்த்தேன், வெதுவெதுவென்று இருந்தது. மேலே விளக்கு, உள்ளே மோட்டார், நடுவில் மூடி. சூடு வெளியே போக வழியில்லை, காற்று உள்ளே வர வழியில்லை. இதைப் புரிந்துகொள்ளப் பெரிய படிப்பெல்லாம் வேண்டாம். நான் தினமும் சமையலறையில் பார்க்கிற விஷயம்தான்.

"ஏண்டா, அதுங்களுக்கு ஏதோ பண்ணுதே?"

"பழகிடும்க்கா."

"நிஜமாவா?"

"ம்."

அந்த 'ம்' எனக்குத் தெரியும். சின்ன வயதில் காலில் ஆணி குத்திக்கொண்டு ஒரு நாள் முழுக்க நொண்டாமல் நடந்தபோது சொன்ன அதே 'ம்'. கல்லுளிமங்கன். எனக்கு மூக்கு மேல் கோபம் வந்தது. என்ன பிரயோசனம், எதிராளி வாயைத் திறந்தால்தானே சண்டை போட முடியும்.

இரண்டு நாள் கழித்து அவன் மாடிப்படியில் நின்று போனில் பேசுவது காதில் விழுந்தது. நான் ஒன்றும் ஒட்டுக் கேட்கவில்லை. குப்பையைக் கொட்டப் போனவள், கொஞ்சம் மெதுவாக நடந்தேன், அவ்வளவுதான்.

"எல்லாமே குடுத்துடறேங்க. தொட்டி, கல்லு, பவளம், மீன், எல்லாம். சனிக்கிழமை காலையில வந்து எடுத்துக்கோங்க... இல்லீங்க, ரேட்டு உங்க இஷ்டம்."

கூடையோடு அப்படியே நின்றுவிட்டேன். அவனுக்கென்று இந்த உலகத்தில் மிச்சமிருந்தது அது ஒன்றுதான். கல்யாணம் போனபோது கேட்டு வாங்கிய ஒரே பொருள். அதையும் என் ரோஜாவுக்காக எவனோ முகம் தெரியாதவனுக்குத் தூக்கிக் கொடுக்கப் போகிறான். அப்புறம் சோபாவில் இருந்துகொண்டு, எதுவும் கேட்காமல், எனக்குப் பாரமாக இருக்கிறோம் என்று மருகி, ஒரு நாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சத்தமில்லாமல் போயும்விடுவான். அது எனக்கு அப்படியே கண்முன்னால் தெரிந்தது. எனக்கு அழுகை வந்தது. அழுகையைவிட ஆத்திரம் அதிகமாக வந்தது.

'விக்காதேடா' என்று நான் சொல்லியிருக்கலாம். சொன்னால் விற்க மாட்டான். "உன் இஷ்டம்" என்பான். அதுவும் என் இஷ்டமாகத்தான் போகும். அது எனக்கு வேண்டாம்.

கேக் கடைக்காரம்மாவிடம் புலம்பினேன். ஞாயிற்றுக்கிழமைக் கல்யாணத்துக்கு மூன்றடுக்குக் கேக், அதற்கு நாற்பது ரோஜா என்று சொல்ல வந்தவளிடம் என் கதை முழுவதையும் கொட்டினேன். அவள் என்னைப் பூக்காரி என்றுதான் கூப்பிடுவாள்.

"இதுக்கா இவ்வளவு கவலை, பூக்காரி? எங்க கடையில ஈரம் உறிஞ்சற மெஷின் ஒண்ணு சும்மா கெடக்கு. அனுப்பி வைக்கிறேன். ரூம்ல போட்டா காத்துல இருக்கற ஈரத்தையெல்லாம் இழுத்துக் கீழ டப்பாவுல பிடிச்சு வெச்சுடும். மூடியைத் தூக்கிப் போடுங்க."

வியாழக்கிழமை மெஷின் வந்தது. தம்பி வேலைக்குப் போயிருந்தான். அவன் வந்ததும் காட்டி, வாயடைக்க வைக்க வேண்டும் என்று எனக்கு ஒரே ஆசை. ஏற்கெனவே அடைத்த வாய் என்பது வேறு விஷயம். கண்ணாடி மூடியை மூச்சுப் பிடித்துத் தூக்கிச் சுவரோரம் சாய்த்தேன். மெஷினைப் போட்டேன். பொழுது சாய்வதற்குள் பவளங்களில் நாலைந்து மெதுவாகக் கை நீட்டிப் பார்த்தன. மேனேஜர் மேல்மட்டத்தை விட்டுக் கொஞ்சம் கீழே இறங்கியது. மேஜையில் நாற்பது ரோஜாவும் மொடமொடவென்று நின்றன. இத்தனை நாள் இல்லாத சந்தோஷம் எனக்கு.

மெஷினின் டப்பா நிரம்பியிருந்தது. ஸ்படிகம் மாதிரி தெளிந்த தண்ணீர். தொட்டியைப் பார்த்தேன், மூடி திறந்ததில் தண்ணீர் கொஞ்சம் இறங்கியிருந்தது. என் மூளை வேலை செய்தது. டப்பாவில் இருப்பது யாருடைய தண்ணீர்? தொட்டியின் தண்ணீர். உப்பை விட்டுவிட்டு வந்த நல்ல தண்ணீர். அதை அதனிடமே திருப்பிக் கொடுப்பதைவிட நியாயம் உலகத்தில் உண்டா? என் புத்தியை நானே மெச்சிக்கொண்டு, டப்பாத் தண்ணீரை ஜக்கில் ஊற்றி, ஸ்டூலில் ஏறி, தொட்டியின் மேல் கையை நீட்டினேன்.

"ஊத்தாதே!"

அப்படி ஒரு சத்தத்தை அந்த வீடு கேட்டதில்லை. வாசலில் தம்பி. கருவிப் பை தரையில் விழுந்து கிடக்கிறது. நாற்பது வருஷமாகக் குரலை உயர்த்தாதவன் உயர்த்தினால் மனுஷி என்ன ஆவாள்? நான் தூக்கிவாரிப் போட்டுத் திரும்பினேன். ஜக்கும் என்னோடு திரும்பியது. தண்ணீர் மொத்தமும் மேஜையின் மேல், நாற்பது ரோஜாவின் மேல், சளார் என்று விழுந்தது.

ரோஜாக்கள் ஒவ்வொன்றாகச் சாய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"உள்ள ஒரு சொட்டாவது ஊத்தினியா?" என்று கேட்டான். என் பூவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"இல்லடா. என்னடா ஆச்சு உனக்கு? தண்ணிதானே?"

"அந்த மெஷினுக்குள்ள செம்புக் குழா இருக்குக்கா! அதுல பட்டு வடியற தண்ணியில செம்பு எறங்கியிருக்கும். நமக்கு ஒண்ணும் பண்ணாது. இறால், நத்தை, பவளம் எல்லாத்துக்கும் விஷம். ஒருதடவை உள்ள போனா கல்லுல ஊறிடும், எடுக்கவே முடியாது! எல்லாம் போயிருக்கும்!"

"எனக்கு என்னடா தெரியும்? நீ சொன்னியா?"

"மெஷின் இருக்கறதே எனக்குத் தெரியாது! நீ ஏன் என்னைக் கேக்கல?"

"கேட்டா? கேட்டா என்ன சொல்லுவே? உன் இஷ்டம்னுதானே சொல்லுவே!"

நான் விடவில்லை. இத்தனை வருஷமாகக் காத்திருந்த சண்டை, ஸ்டூலில் நிற்கிறோம் என்பதற்காக விட்டுவிடுவேனா?

"அதுங்க மூச்சு முட்டிக் கெடந்துதே, உனக்குத் தெரியுமா தெரியாதா?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா மூடி வெச்சே?"

"உன் பூவுக்காகத்தான்..."

"நான் கேட்டேனா? என் பூவுக்காக உன் தொட்டியை எவன்கிட்டயோ குடுன்னு நான் கேட்டேனா? சனிக்கிழமை ஆள் வராராமே! சொல்லு, உனக்கு என்னதாண்டா வேணும்?"

"உன் இ..."

"அந்த வார்த்தை வாயிலேர்ந்து வந்துது, இந்த ஜக்காலயே போட்டுடுவேன்!"

அவன் கழுத்தைத் தடவினான். சுவரைப் பார்த்தான், தொட்டியைப் பார்த்தான். அவனுக்கு வியர்த்தது. கேட்பது அவனுக்கு எவ்வளவு கஷ்டமான வேலை என்பதை அன்றுதான் நான் கண்ணால் பார்த்தேன். கோபம் பாதி வடிந்து, பாவமாக இருந்தது. ஆனாலும் ஸ்டூலை விட்டு இறங்கவில்லை.

"மூடி வேண்டாம்" என்றான்.

"அப்புறம்?"

"வலை போட்டாப் போதும். மீனும் குதிக்காது, காத்தும் போகும்."

"அப்புறம்?"

"தொட்டி இங்கயே இருக்கணும்."

"அப்புறம்?"

"நானும்." இதை மிகவும் மெல்லச் சொன்னான். நான் பதில் சொல்வதற்குள், மூச்சு விடாமல் கடகடவென்று மிச்சத்தையும் கொட்டிவிட்டான்: "உன் மேஜையை உன் பெட்ரூமுக்கு மாத்தணும். அங்க கதவைச் சாத்திட்டு மெஷினைப் போட்டா பூ நல்லாக் காயும். இங்க இருந்தா ரெண்டும் உருப்படாது."

"என் கட்டில்? அந்த ரூம்ல ரெண்டும் கொள்ளாதேடா."

"கட்டிலை இங்க போட்டுக்கோ."

"அடப்பாவி! வாழ்க்கையில மொதமொதல்ல ஒண்ணு கேக்கறே, அதுவும் என் பெட்ரூமையே கேக்கறியா?"

அவன் முகம் வெளிறியது. இதோ, 'இல்லக்கா, வேண்டாம்' என்று பின்வாங்கப் போகிறான் என்று பயந்தேன். பின்வாங்கவில்லை. கழுத்தைத் தடவிக்கொண்டே, "ஆமா" என்றான்.

நான் ஸ்டூலிலிருந்து இறங்கி, கட்டிலின் ஒரு முனையைப் பிடிக்கப் போனேன்.

வெள்ளிக்கிழமை அவன் லீவு போட்டான். கேக் கடைக்காரம்மா போன் செய்து, பூ ரெடியா என்றாள். ரெடியாகிக்கொண்டே இருக்கிறது என்றேன், அது பொய்யில்லை. படுக்கையறையில் மெஷின் உறுமிக்கொண்டிருந்தது. நான் இதழ் வெட்ட, அவன் கம்பி சுற்றினான். வருஷக்கணக்காக லிஃப்ட் கேபிள் பிடித்த கை, கம்பி அவன் சொன்னபடி கேட்டது. பத்தாவது ரோஜாவிலோ என்னவோ, நான் ஒட்டிய இதழைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தான்.

"அக்கா, இது கோணலா இருக்கே."

என் பூவைக் கோணல் என்று சொன்ன முதல் ஆள். வேறு யாராவது சொல்லியிருந்தால் நடந்திருப்பதே வேறு. "ஆமாண்டா, கோணல்தான்" என்று பிய்த்துப் போட்டுவிட்டுப் புதிதாக ஒட்டினேன்.

சனிக்கிழமை காலை அந்த ஆள் வந்தார். மீன் கடை வைத்திருப்பவர். கையில் டேப், பின்னால் இரண்டு பெரிய பிளாஸ்டிக் பெட்டி. காலணியைக் கழற்றும்போதே தொட்டியைப் பார்த்து மலர்ந்துவிட்டார். தம்பி போனிலேயே வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம், அவனால் முடியவில்லை. நேரில் சொல்லிக்கிறேன் என்று தள்ளிப் போட்டிருந்தான். நான் சமையலறை வாசலில் கரண்டியோடு நின்றேன். நாக்கு துறுதுறுவென்றது. பல்லைக் கடித்துக்கொண்டேன். இதை நான் சொல்லக் கூடாது. சொன்னால் எல்லாம் வீண்.

"அருமையா வளர்த்திருக்கீங்க சார். மொதல்ல பவளத்தை எடுத்துடலாமா?"

தம்பி கழுத்தைத் தடவினான்.

"இல்லீங்க. குடுக்கலை."

"என்ன சார், நீங்கதானே கூப்பிட்டீங்க? வண்டியெல்லாம் வெச்சுக்கிட்டு வந்திருக்கேன்."

"ஆமாங்க. நான்தான் கூப்பிட்டேன். தப்பு என்மேலதான். வண்டிச் செலவை நான் குடுத்துடறேன்."

"சரி, மொத்தமா வேண்டாம். அந்த ஊதாவை மட்டுமாவது குடுங்க. ஒரு ஓரம் வெளுத்துட்டுது, இனி இது உங்ககிட்ட தேறறது கஷ்டம். நான் காப்பாத்திடுவேன்."

நல்ல மனுஷர்தான். நியாயமாகத்தான் கேட்டார். தம்பி அந்த ஊதாவைப் பார்த்தான். வெளுத்த ஓரம் வெளுத்தபடியே இருந்தது; மற்றப் பக்கம் கை நீட்டி ஆடிக்கொண்டிருந்தது. அவன் தலை மெதுவாக அசைய ஆரம்பித்தது. சரிங்க என்று சொல்லிவிடப் போகிறான் என்றே நினைத்தேன். கரண்டியை நான் பிடித்திருந்த பிடியில் கை வலித்தது.

"இல்லீங்க" என்றான்.

"ஏன் சார்?"

காரணம் தேடினான். பாவம், எத்தனையோ காரணம் சொல்லியிருக்கலாம். அக்கா ஆசைப்படறா என்று என்மேல் போட்டிருக்கலாம். அப்படிப் போட்டிருந்தால் நானே அந்த ஆளுக்குப் பெட்டியைத் திறந்து கொடுத்திருப்பேன்.

"எனக்கு வேணும்."

அவர் டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு, ஊதாவுக்கு வெளிச்சத்தைக் கொஞ்ச நாள் குறைத்து வைக்கச் சொல்லிவிட்டுப் போனார். நான் சமையலறைக்குள் போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு ஒரு மூச்சு அழுதேன். வெங்காயம் நறுக்கவில்லை, சாக்குக்கூட இல்லாமல் அழுதேன்.

ஞாயிற்றுக்கிழமை ரோஜாக்கள் கல்யாணத்துக்குப் போயின. அன்று சாயங்காலமே அவன் வலைச்சட்டம் அடித்துத் தொட்டியின் மேல் பொருத்தினான். கண்ணாடி மூடியைக் கடைக்காரனிடம் கொடுத்துப் படுக்கையறை அலமாரிக்குத் தட்டாக வெட்டி வாங்கிக்கொண்டேன்.

இப்போது முன்னறையில் தொட்டிக்கு இந்தப் பக்கம் என் கட்டில், அந்தப் பக்கம் அவன் சோபா. திங்கட்கிழமை காலை கண் விழித்தபோது அவன் ஏற்கெனவே எழுந்து உட்கார்ந்திருந்தான். கண் சிவந்திருந்தது. முகத்தில் கடுகடுப்பு.

"என்னடா, உடம்பு சரியில்லையா?"

"அக்கா, நீ குறட்டை விடறே. தாங்கல. நாலு ராத்திரியா எனக்குப் பொட்டுத் தூக்கம் இல்ல. இன்னிலேர்ந்து நீ ஒருக்களிச்சுத்தான் படுக்கணும்."

நான் அவனையே பார்த்தேன். அவன் பின்வாங்குகிற வழியாக இல்லை.

"முடியாது போடா" என்றேன். எழுந்து அவனுக்குக் காப்பி போடப் போனேன். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.